சிவப்புப் படையின் நாற்காலி

மழை இருட்டில் வாய்க்கால் நீர் வரப்பைத் தொட்டு ஓடுகிறது. மனைவி ஜெனிட்டா இருவருக்குமாக ஒரு பலகைப் போர் விளையாட்டை வாங்கிவைத்து, பிரிக்காமலே இறந்துபோனாள்; அதை கிளாட்சன் இன்று ஆடிப் பழகுகிறான். விதிகள் பாதிதான் புரிகின்றன. நீலப் படைக்கு ஆடிவிட்டு எழுந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவளுடைய சிவப்புக்கும் ஆடுகிறான். பாலத்தருகே சிவப்பின் கடைசி டாங்கி சிக்கியிருக்கிறது. அது போனால் ஆட்டம் முடிந்துவிடும். அவனுக்கு முடிக்க மனமில்லை. டீயோடு வந்த மாமியார் அமலோற்பவம் பலகையைக் குனிந்து பார்க்கிறாள்.

“யாரு மாப்ள ஜெயிக்கிறா?”

“நான்தான் அத்தை.”

“அவ லேசுல விடமாட்டாளே.”

சிவப்புக்கு ஆட அவன் எழுகிறான். அமலோற்பவம் அவன் தோளை அழுத்தி உட்காரவைக்கிறாள். இன்னொரு டம்ளரை எதிர் நாற்காலியின் முன்னால் வைக்கிறாள்.

“இருங்க மாப்ள, அவ யோசிக்கிறா.”