கண்ணாடிக் கிண்ணங்களில் தேங்காய்ப்பால் சோறு

ஸ்ரெலா கொதிக்கிற தேங்காய்ப்பாலில் அரிசியைப் போட்டுவிட்டு அடுப்புக்குள் பனைமட்டையைத் தள்ளினாள்.

காஸ் முடிந்து மாதக்கணக்காகிவிட்டது. பேசாலையில் எந்தக் கடையிலும் சிலிண்டர் இல்லை.

மூத்தவள் றொஷேல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். எந்த நாட்டுக்காரியோ ஒருத்தி அதில் சமைத்துக்கொண்டிருந்தாள். தேங்காய்ப்பால் சோற்றைக் கிண்ணத்தில் போட்டு, மேலே பொரித்த கோழி, அன்னாசி, வெள்ளரிக்காய் என்று ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

இதைச் செய்து தரச்சொல்லி றொஷேல் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள். "பிறகு பார்ப்பம்" என்பதுதான் எப்போதும் பதில். இன்று காலையில் தாய் தானாகவே, "அந்தச் சோத்தை இண்டைக்குச் சமைப்பம்" என்றபோது அவளால் நம்ப முடியவில்லை.

அன்னாசிக்கு எங்கே போவது? வேலியோரத்து மரத்தில் செங்காயாக ஒரு மாங்காயைப் பறித்து அரிந்துவைத்தாள் ஸ்ரெலா.

கோழி வீட்டில் வளர்ந்ததுதான். கடைசியாக மிஞ்சியிருந்த பேட்டுக்கோழியைப் புருசன் பஸ்ரியன் விடியவே அறுத்துவிட்டான். முட்டையிடுகிற கோழியை ஏன் அறுத்தீங்கள் என்று மகள் கேட்டபோது அவன் குனிந்து கத்தியைக் கழுவினான்.

உள்ளியும் மிளகும் தேசிக்காய்ப் புளியும் விட்டு ஊறவைத்த இறைச்சி சட்டியில் பொரியத் தொடங்கியதும், பக்கத்து வீட்டுத் திரேசம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"மணம் ஊரையே தூக்குது, பிள்ளை. ஆருக்குப் பிறந்தநாள்?"

"ஒருத்தருக்குமில்லை, அக்கா. இவள் போனில பார்த்திட்டு ஒரே கரைச்சல்."

வேலிக்கு மேலால் ஒரு பங்கு போனது. ஸ்ரெலாவின் இரண்டு பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரியில் கூட நின்றவள் திரேசம்மா. போய்வருகிறேன் என்று அவளிடம்கூடச் சொல்ல முடியாது. ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று, களவாகப் படகில் ஏற்றிப்போகிற ஓட்டி சொல்லியிருந்தான்.

பஸ்ரியனின் வள்ளம் மண்ணெண்ணெய் இல்லாமல் கரையில் கிடந்து காய்ந்துகொண்டிருந்தது. அதன் எஞ்சினை விற்று ஓட்டிக்குக் கொடுத்தாயிற்று. இருட்டியதும் தலைமன்னார்ப் பக்கம் போய்ப் படகேற வேண்டும். இந்தியக் கரைக்குக் கிட்ட ஏதோ ஒரு மணல் திட்டில் இறக்கிவிடுவான். அங்கே அரிசி இருக்கிறது, பால்மா இருக்கிறது, முகாமில் ஓர் அறை கிடைக்கும் என்று போனவர்கள் சொன்னார்கள். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

றொஷேலுக்கு இன்னும் சொல்லவில்லை.

அலுமாரியின் மேல்தட்டிலிருந்து கண்ணாடிக் கிண்ணங்களை இறக்கினாள் ஸ்ரெலா. கலியாணத்துக்கு வந்தவை. உடைந்துவிடும் என்று இத்தனை வருடமும் யாரையும் தொடவிட்டதில்லை. மகள் பயந்து பயந்து ஒவ்வொன்றையும் துடைத்தாள். போனைப் பார்த்துப் பார்த்து மாங்காயை வளைவாக அடுக்கினாள்.

"அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாம்மா."

அவள் ஓடியதும், சின்னவன் மில்ரனின் கிண்ணத்தை ஸ்ரெலா தன் பக்கம் இழுத்தாள்.

ஒரே சாப்பாட்டுக் கோப்பையில் பிசைந்து பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வாயில் தீத்திவிடுவதுதான் அந்த வீட்டு வழக்கம். இன்றைக்கு ஆளுக்கொரு கிண்ணம் தேவையாக இருந்தது.

சட்டைக்குள்ளிருந்து மருந்துப் போத்தலை எடுத்தாள். தடிமன் சளிக்குக் கொடுக்கிற பாணி மருந்து. குடித்தால் நித்திரை வரும்.

சின்னப்பிள்ளை அழுதால் நேவிக்குக் கேட்கும், நித்திரையாக்கிக்கொண்டு வாங்கோ என்று ஓட்டி கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

மூன்று வயதுக்கு எவ்வளவு என்று போத்தலில் எழுதியிருந்தது. ஓர் இரவு முழுக்க எழும்பாமலிருக்க எவ்வளவு என்று எழுதியிருக்கவில்லை.

அளவாக ஊற்றினாள். சற்று நின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். தேங்காய்ப்பாலின் இனிப்பில் மருந்து தெரியாது.

ஒரு வாய்ச் சோற்றுக்கு வீட்டு வளவைச் சுற்றி ஓடவைக்கிறவன் மில்ரன். இன்று மினுங்குகிற கிண்ணத்தைக் கண்டதும் சப்பாணி கட்டி இருந்து, தானே அள்ளிச் சாப்பிட்டான். ஸ்ரெலாவுக்கு ஒரு பிடியும் இறங்கவில்லை. அவன் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வழித்துத் துடைத்துவிட்டுக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினான்.

"இன்னும்."

தன்னுடையதை அப்படியே அவனுக்குப் போட்டாள்.

வெயில் பனைகளுக்குப் பின்னால் இறங்குகிற நேரம் அவன் அவள் மடியில் சரிந்தான். உலுப்பிப் பார்த்தாள்; எழும்பவில்லை. மூக்கடியில் விரலை வைத்தாள். மூச்சு வந்தது. விரலை எடுத்தாள். மறுபடியும் வைத்தாள்.

பஸ்ரியனின் போன் அடித்தது. வாசலில் நின்று, "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னான். பிறகு உள்ளே வந்து, தோளில் மாட்டியிருந்த பையைக் கழற்றி நிலத்தில் வைத்தான்.

"நேவி கடலில வெளிக்கிட்டு நிக்குதாம். இண்டைக்கு ஏலாது. நாளைக்குத்தான்."

ஸ்ரெலா பிள்ளையின் வாயோரத்தில் ஒட்டியிருந்த சோற்றைத் துடைத்துவிட்டாள்.

நாளைக்கு எதைச் சமைத்தால் இவன் இப்படி விரும்பிச் சாப்பிடுவான் என்று யோசிக்கத் தொடங்கினாள்.