குறை சொல்லி விற்ற முசல்லா

"குறையை மறைச்சு வித்தா அந்தக் காசு ஹராமு, இஸ்மத்து..."

"என் வளையலை வித்து எறக்குன சரக்குங்க! பாதி வெலைக்குத் தூக்கிக் குடுக்கறதுக்கா..."

"முள்ளு தப்பாக் காட்டுதுன்னு வாங்கறவங்ககிட்டச் சொல்லோணுமா, வேண்டாமா?"

கரும்புக்கடைப் பகுதியில் ரசாக்கின் வீட்டு முன்னறை முழுக்க முசல்லாக் கட்டுகள். தொழுகைக்கு விரிக்கிற விரிப்புதான். ஆனால் இவற்றின் தலைமாட்டில், தொழும்போது முகம் திருப்ப வேண்டிய கிப்லா எந்தத் திசை என்று காட்டும் காம்பஸ் வைத்துத் தைத்திருந்தது. இறக்குமதிக்குக் கதவு திறந்துவிட்ட புதிது. லைசென்சுக்கு அலையாய் அலைந்து, ஹாங்காங்கிலிருந்து வரவழைத்திருந்தார்.

"ஒண்ணு ரெண்டு பழுதா இருக்கும்ங்க," என்றாள் அவர் மனைவி இஸ்மத், வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு.

"இரும்பு பீரோவைக்கூட வெளிய தள்ளிப்போட்டு ஒவ்வொண்ணாப் பாத்தாச்சு. எல்லாமே ஒரே பக்கமா, ஒரே அளவுக்குக் கோணிட்டு நிக்குது. ஹாங்காங்காரனுக்கும் காட்டமா எழுதிப்போட்டேன். இந்தத் தெருவுக்கே கிப்லாக் கோடு போட்டுக் குடுத்தவன் நானு. எனக்குத் தெரியாதா?"

அவள் வாய் திறப்பதற்குள் வாசலில் ஸலாம் கேட்டது. மேட்டுப்பாளையம் அனீஸ். குறையைக் கேட்டுக்கொண்டே போன வாரம் பாதி விலைக்கு ஒரு கட்டு எடுத்துப் போனவர்.

"திருப்பித் தர வந்தீங்களா பாய்? தாராளமாக் குடுங்க."

"மீதி வெலையத் தர வந்தேனுங்க. எங்க பள்ளிவாசல்ல விரிச்சா, முள்ளு காட்டற கிப்லா, இமாம் நிக்கற மாடத்துக்கு நூல் புடிச்சாப்பல நேரா நிக்குது. சத்தியமங்கலத்துல மச்சான் பாத்தாரு, அங்கயும் அப்படியேதான். நல்ல சரக்குன்னு தெரிஞ்சும் பாதி வெலையோட நின்னா எனக்கு ஹராமுங்களே." ரூபாயை மேசைமேல் வைத்தார். "ஆமா, நீங்க எங்க வெச்சுங்க பாத்தீங்க?"

ரசாக்கின் பார்வை தொழுகை அறைச் சுவருக்குப் போய் அங்கேயே நின்றது. வீடு கட்டும்போது, மார்கழிச் சூரியன் மேற்கிலிருந்து தெற்கே ஒதுங்கி விழுந்த பக்கம் பார்த்து அவரே நூல் பிடித்து எழுப்பிய சுவர். அந்தச் சுவரைப் பார்த்துத்தான் தெருவில் எல்லோரும் தங்கள் வீட்டுத் தொழுகைச் சுவரைக் கட்டினார்கள்.

இஸ்மத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"ஏனுங்க, குறையைச் சொல்லியாகோணும்னீங்களே... எந்த ஊட்டுல இருந்துங்க ஆரம்பிக்கறது?"