தங்கச்சிக்கு ஒரு பரிசு

"என்னை எதுக்கு மூட்டை மாதிரி நிறுக்கிறீங்க?" எடைமேடையில் நின்றபடி மாமியார் முறைத்தார்.

"சின்ன விமானம்மா. ஆளு, பெட்டி எல்லாத்தையும் நிறுத்துத்தான் ஏத்தணும்" என்றார் கேப்டன்.

மனைவியின் தங்கை கல்யாணத்துக்கு வாடகை விமானத்தில் போய் இறங்குவேன் என்று ஜம்பம் அடித்த கணவருக்கு இப்போது இருப்புக்கொள்ளவில்லை. விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ரெண்டு எஞ்சினும் ஓடும்ல, கேப்டன்?"

"ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு இருக்கு சார்."

ஆறுதலாகத்தான் சொன்னார் கேப்டன். கணவருக்குக் குப்பென்று வியர்த்தது.

மனைவியின் சிவப்புப் பெட்டியை வைத்ததும் எடைமுள் எகிறியது.

"போய் இறங்குற ஓடுபாதை சின்னது. இவ்வளவு எடை தாங்காது. பெட்டியை விட்டுட்டு வாங்க, இல்லேன்னா ஒருத்தர் இறங்கிக்குங்க."

"தங்கச்சிக்கு வாங்கின பரிசை விட்டுட்டு, எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறது?" மனைவியின் கண் கலங்கியது. கேப்டனுக்கே பாவமாகிவிட்டது.

"நான் ரயில்ல பின்னாடியே வந்துடறேன்!" சொல்லி முடிப்பதற்குள் கணவர் வாசலைத் தாண்டியிருந்தார்.

"புள்ளையைத் தனியா விட்டுட்டு நான் எப்படிப் பறக்கிறது?" மாமியாரும் பின்னாலேயே ஓடினார்.

விமானம் மேகத்தைத் தாண்டியது. காலி இருக்கைகளுக்கு நடுவே மனைவி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

கேப்டன் திரும்பிப் பார்த்தார். "அப்படி என்னம்மா பரிசு அது?"

"செங்கல். இறங்கினதும் எங்கேயாவது போட்டுடுங்க" என்றாள் அவள். "கல்யாணம் ஆனதுலேருந்து அம்மா வீட்டுக்கு நான் ஒரு தடவைகூடத் தனியாப் போனதில்லை, கேப்டன்."