நாலாவது மெழுகுதிரி

"நெருப்புக்கும் மூச்சு வேணும் மேரி. மூடிட்டா செத்துப்பூடும்" என்றான் பால்சாமி.

"சும்மா கத விடாதீங்க. நெருப்புக்கு ஏது மூக்கு?"

"இந்த ஓட்டதான் மூக்கு. பாக்கிறியா?"

செஞ்சி பஸ் ஸ்டாண்டில், திண்டிவனம் போகும் கரி பஸ்ஸின் பின்னால் நின்று அவர்கள் இப்படிப் பேசியது இரண்டு வருஷத்துக்கு முன்னால். சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. பின்பக்கம் பீப்பாய் போல நின்ற அடுப்புக்குக் காற்றடிப்பது பால்சாமியின் வேலை. அடியிலிருந்த ஓட்டையைத் தகரத்தால் மூடினான். தகதகத்த கரி கொஞ்ச நேரத்தில் மங்கியது. திறந்தான், மறுபடி சிவந்தது. காற்றில் பிராணவாயு என்று ஒன்று இருக்கிறதாம், அதைத் தின்றுதான் நெருப்பு உயிர் வாழ்கிறதாம். பட்டறை மேஸ்திரி சொன்னாராம்.

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னான். "டிரைவர் லைசென்ஸ் வாங்கிட்டு எங்கம்மாவ அனுப்புறேன். அதுக்குள்ள உங்க நைனாகிட்ட நீ ஒரு வார்த்த சொல்லி வையேன்."

அந்த ஒரு வார்த்தைதான் லூர்துமேரிக்கு வாயில் வரவில்லை. அம்மா இல்லாத வீடு. நைனா அருளானந்தம் தச்சர். மரத்தோடு பேசும் அளவுக்குக்கூட மனிதர்களோடு பேசாதவர். அவரிடம் போய்ப் பெண்பிள்ளை எப்படிக் கல்யாணப் பேச்சை எடுப்பாள்?

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நைனா தன் கையாலேயே செய்த கண்ணாடிக் கூட்டில் மாதா சுரூபம் இருந்தது. பெண் கேட்டு யாராவது வந்தால், கூட்டுக்குள் மெழுகுதிரி ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு, செபமாலையின் ஐம்பத்துமூன்று மணிகளையும் உருட்டிச் செபம் சொல்வார்கள். செபம் முடியும்வரை எரிந்தால் மாதாவுக்குச் சம்மதம். ராஜகிரி மலைப் பக்கத்துக் காற்று அணைத்துவிட்டது என்று பிறகு யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

மூன்று வரன்கள் வந்தன. மூன்று முறையும் செபம் பாதி தாண்டுவதற்குள் சுடர் சுருங்கி அணைந்துபோனது. லூர்துமேரி தலைகுனிந்து நின்றாள். இது தேவ அழைத்தல், பெண்ணைக் கன்னியர் மடத்துக்கு அனுப்பிவிடு என்றார் கோவில் உபதேசியார். இன்னும் ஒரு தடவை பார்க்கிறேன், அதுவும் அணைந்தால் அனுப்பிவிடுகிறேன் என்று நைனா வாக்குக் கொடுத்துவிட்டார்.

இன்று நாலாவதாக வந்து உட்கார்ந்திருப்பது லைசென்ஸ் வாங்கிவிட்ட பால்சாமியும் அவன் அம்மா இருதயமேரியும்.

"இன்னா மேரி, எம்புள்ள பஸ்ஸாட்டம் நடுவழியில நிக்காம எரியுமா உங்கூட்டுத் திரி?" என்று கேட்டாள் இருதயமேரி. பால்சாமி தரையைப் பார்த்தான்.

லூர்துமேரிக்குச் சிரிப்பு வந்தது. விடிந்ததும் முதல் வேலையாகக் கூட்டை அவளே துடைத்து வைத்திருந்தாள். அதற்கப்புறம் நைனா மட்டும் போய் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

செபம் தொடங்கியது. முதல் பத்து மணிகள்; சுடர் நிமிர்ந்து எரிந்தது. இரண்டாவது பத்திலும் ஆடவில்லை. மூன்றாவது பத்தில் சுடர் மெல்லக் குட்டையானது. ஓரத்தில் நீலம் படர்ந்தது.

லூர்துமேரி செபத்தை விட்டுவிட்டுச் சுடரையே பார்த்தாள். இன்றைக்கு இப்படி ஆகக் கூடாதே. ஆக வழியே இல்லையே. மடத்தின் உயரமான மதில் கண்முன் வந்து நின்றது. இருதயமேரியின் குரல் தடுமாறியது. பால்சாமியின் கை மணிமாலையில் அசையாமல் நின்றுவிட்டது.

நைனா எழுந்தார். நிறுத்தாமல் செபம் சொல்லுங்கள் என்று மற்றவர்களுக்குக் கைகாட்டிவிட்டு, மகளைக் கூட்டருகே அழைத்தார். கதவைத் திறந்தார். வெளிக்காற்று பட்டதும் அணையப்போன சுடர் துள்ளி எழுந்தது. பிறகு கூட்டின் முதுகுப் பலகையைத் தடவி, அதில் இருந்த நாலு சின்ன ஓட்டைகளிலிருந்து எதையோ நகத்தால் சுரண்டி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

மெழுகு.

"இந்த ஓட்டைங்கள போட்டவனே நான்தான். மூணு தடவையும் நீ அடைச்சது எனக்குத் தெரியும்" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும் குரலில். "இன்னிக்கு நான் அடைச்சேன். மாதாகிட்ட கேட்டது போதும். நீ சொல்லு, உனக்கு இன்னா வேணும்?"

அழுகையும் சிரிப்புமாக அவளுக்கு மூச்சு வந்தது.

"என்னைப் பால்சாமிக்கே கட்டிக் குடுங்க நைனா" என்றாள் லூர்துமேரி, செபம் நின்று வீடு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி.