குடைக்காரரின் சந்தேகங்கள்

“ஏம்மா, இவ்வளவு பெரிய ஹால்ல நடுவுல ஒரு தூண்கூட இல்லையே, தலையில விழுந்துடாதா?”

வங்கிக் கோபுரத்தைச் சுற்றிப் பார்க்க வந்த கூட்டம் மொத்தமும் திரும்பி, கைக்குடையை உயர்த்திக் கேள்வி கேட்ட பெரியவரை முறைத்தது. எங்கே போனாலும் இப்படி ஒரு பிரகிருதி வந்து சேர்ந்துவிடுகிறது!

பாவம், அந்த வழிகாட்டிப் பெண். அவளுக்கு இன்றுதான் சோதனை. மேலாளர் பின்னாலேயே வருகிறார். அவருக்குத் திருப்தி என்றால்தான் வேலை.

“விழாதுங்க. வெளிச்சுவருக்குள்ள இருக்கிற இரும்புக் கூடுதான் அத்தனை மாடியையும் தாங்குது. இந்த ஊர்ல அப்படிக் கட்டின முதல் கட்டடம் இது” என்றாள் சிரித்தபடி.

கீழ்த்தளத்தில் பணப் பெட்டகம். இரண்டு ஆள் உயரத்துக்கு வட்டக் கதவு. “இந்தக் கதவு வந்து...” என்று அவள் இழுப்பதற்குள் மறுபடியும் குடை உயர்ந்தது.

“இவ்வளவு பெரிய கதவு எந்த வாசல் வழியா உள்ள வந்துச்சு?”

“எதுலயும் நுழையாதுங்க. முதல்ல கதவை இறக்கி வெச்சுட்டு, அப்புறம்தான் அதைச் சுத்திக் கட்டடத்தையே கட்டினாங்க!”

வெளியே வந்து எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“மேல போகப் போக ஏன் இளைச்சுப் போச்சு? சிமெண்ட் தீர்ந்துடுச்சா?”

ஓர் அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “சார், அந்தப் பொண்ணைக் கொஞ்சம் பேச விடுங்களேன்!”

“பரவாயில்லைங்க. தெருவுக்கு வெயில் வரணும்னுதான் படிப்படியா உள்வாங்கிக் கட்டினாங்க.”

பிறகு லிஃப்டில் உச்சி மாடி. குடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். கூட்டம் பல்லைக் கடித்தது. ஆனால் அதிசயமாகக் கேள்வி வரவில்லை. பலத்த காற்றில் கோபுரம் லேசாக ஆடும் என்பதை அவள் ஆடியே காட்டிச் சிரிக்க வைத்தாள். ஒரே கைதட்டல்.

மேலாளர் அவளைத் தனியே அழைத்தார். “நானா இருந்தா அந்த ஆளை அப்பவே வெளியே அனுப்பியிருப்பேன். என்ன பொறுமைம்மா உங்களுக்கு! நாளைக்கே வேலையில சேர்ந்துடுங்க.”

பஸ் நிறுத்தத்தில் குடைக்காரர் காத்திருந்தார். அவள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேலை கிடைச்சாச்சு மாமா! வீட்ல என்னைவிட நீங்கதான் எல்லாத்தையும் ஒழுங்கா மனப்பாடம் பண்ணியிருக்கீங்க. நான் மறந்து முழிச்ச இடத்துல எல்லாம் கேள்வி கேட்டுக் காப்பாத்திட்டீங்க. உச்சி மாடியில மட்டும் கேக்க மறந்துட்டீங்களே?”

மாமனார் சிரித்தார்.

“நான் எங்கேம்மா மறந்தேன்? அங்கே நீதான் மறக்கலை!”