நங்கூரன் யார்?

"பொம்ம பொஸ்தகத்துக்கெல்லாம் படம் எடுத்துகீறானுங்களா? அதுக்கு என்னை எதுக்குய்யா இட்டாந்தே?" என்று அலுத்துக்கொண்டாள் கெங்கம்மா.

"சும்மா பாரும்மே," என்றார் ஜெயவேல். துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்த மனுஷர். ராயபுரம் சர்ச் ஹாலில் அன்று, காமிக்ஸ் நாயகன் நங்கூரனின் வரலாற்றைச் சொல்லும் ஆவணப்படம் ஓடியது.

முகமூடிக்குள் இருப்பது யாரென்று பெண்டாட்டிக்குக்கூடத் தெரியக் கூடாது; நங்கூரன் கதையின் சட்டமே அதுதான். "உன்னைப் பாத்துதான் அவனை வரையறேன் மாமு, வெளிய சொல்லிடாத," என்று ஓவியர் பிராங்கிளின் முப்பது வருஷத்துக்கு முன்பே சத்தியம் வாங்கியிருந்தார். அன்றிலிருந்து வாரம் தவறாமல் அவருக்கு மீன் வாங்கிக் கொடுத்தார் ஜெயவேல். "உருப்படாத ஆளு" என்று கெங்கம்மா ஏசும்போதெல்லாம், பாவம், வாயைத் திறந்ததில்லை. இன்று படமே அவளுக்குச் சொல்லிவிடும்.

திரையில் பிராங்கிளின் வந்தார். நங்கூரனை யாரைப் பார்த்து வரைந்தீர்கள் என்று கேட்டார்கள்.

"யாரையும் இல்ல, கற்பனை," என்று சிரித்தார். "ஆனா, மீன் குடுக்கிற தோஸ்துங்க அத்தினி பேர்கிட்டயும் 'நீதான் அவன், வெளிய சொல்லாத'ன்னு சத்தியம் வாங்கிடுவேன். ஒருத்தனும் வாயத் தொறக்கல!"



முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, மனைவியைக் கையோடு அழைத்துக்கொண்டு வெளியேறினார். பின்னாலேயே இன்னொருவர். அப்புறம் சுவரோரமிருந்து மூன்று பேர்.

"இன்னாய்யா இது, படம் முடியறதுக்குள்ள கெழவனுங்க எல்லாம் எழுந்து போறானுங்க?" என்றாள் கெங்கம்மா.

எழப்போன ஜெயவேல் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.