சேற்றில் தங்கிய தகரம்

திண்டுக்கல் ஆய்வகத்தில் பவித்ரா குளத்துச் சோதனை அறிக்கையை எழுதி முடித்திருந்தபோது ஒரு பெரியவர் வந்தார்.

"எங்க ஊர்க் குளத்துல விஷம் இல்லைன்னு எழுதிரு தாயி."

"எப்படி எழுதுறது? பெயிண்ட் கம்பெனிக் கழிவுல வர்ற தகர ரசாயனம் இருக்கே. அதனாலதான் குளத்து நத்தை குஞ்சு பொரிக்கலை."

"தண்ணியிலயா இருக்கு?"

"தண்ணியில கொஞ்சம்தான். மிச்சம் அம்புட்டும் அடிச்சேத்துல தங்கியிருக்கு."

"அப்ப சேத்தை விட்டுட்டு, தண்ணிய மட்டும் எழுது."

பவித்ராவுக்கு எரிச்சல் வந்தது. "கம்பெனிக்காரங்கதான உங்களை அனுப்பிவிட்டது?"

அவர் மேசையில் இருந்த கோப்பைத் திருப்பி, முதல் தாளைக் காட்டினார்.

"புகார் கொடுத்த பெருமாள்சாமி நான்தான்."

"நீங்களா? ரெண்டு வருசமா அலைஞ்சு சோதனை பண்ண வச்சீங்க. இப்ப ஏன் வேண்டாங்கறீங்க?"

"நத்தை சேதி ஊர் ஊராப் பரவிருச்சு தாயி. நேத்து கீரனூர்லருந்து எம்மகளைப் பொண்ணு பாக்க வந்தாக. காபியை யாரும் தொடலை."

"என்ன சொன்னாங்க?"

"'ஏனுங்க, நத்தைக்கே குஞ்சு பொரிக்காத ஊர்ல போய்ப் பொண்ணெடுக்கறதுங்களா?'ன்னு கேட்டுட்டு எந்திரிச்சுட்டாக."